ஊசிக்குக் கூலி

கோவில்பத்தில் எங்கள் தெருவில் லோகாம்பாளிடம் ஊசி போட்டுக்கொள்ளாத ஆள் நான் ஒருத்திதான். எனக்கு ஊசி என்றால் பயம். காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் நான் சொல்லப்போகும் கதையில் நான் மட்டும் நிரபராதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற யாரையும் நான் விடுவதாக இல்லை.

லோகாம்பாள் எனக்கு அடுத்த வீடு. காரைக்காலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கு லோகா சிஸ்டர். டியூட்டி இல்லாத நேரத்தில் வீட்டு வாசலிலேயே ஊருக்கு ஊசி போடுவாள். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், அமுதம் டீச்சர் என்பார்கள். டீச்சர் டிரெயினிங் என்று நான் இரண்டு வருஷம் படித்தேன். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் புதுச்சேரிக்குப் போய் மூன்றரை வருஷம் நர்ஸிங் படித்தாள். அதற்காக அவளுடைய அம்மாவின் தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போயின. மூக்குத்தி மட்டும் திரும்பி வந்தது. 1972இல் அவள் வேலையில் சேர்ந்தபோது எங்கள் இருவர் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றுதான். எனக்குக் கோடைக்கு விடுமுறை, பொங்கலுக்கு விடுமுறை, மழை பெய்தால் விடுமுறை. மழை பெய்தால் அவளுக்குக் கூடுதல் நோயாளிகள்.

போதாததற்கு நான் சாயங்காலத்தில் வீட்டில் டியூஷன் எடுத்தேன். மாதம் பிறந்தால் பிள்ளைகள் பணம் கொண்டுவருவார்கள். ஒரு வாரம் தாமதமானால் தகப்பன்மாரே வந்து மன்னிப்புக் கேட்பார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தால் காசு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். ஊசி போட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

அதற்காக ஊரை நன்றி கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. காய்ச்சல் இறங்கிய மறுநாள் லோகா வீட்டுக்குத் தட்டு வரும். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம், ஒரு ரவிக்கைத் துணி. லோகாவுக்குக் கைராசி என்று பேர். கைராசிக்குக் காசு கொடுத்தால் ராசி போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். யாரென்று தெரியாது, ஆனால் நிச்சயம் ஊசி போட்டுக்கொண்டவராகத்தான் இருக்கும். வேலைக்கு வெள்ளைப் புடவையும் வெள்ளை ரவிக்கையுமாகப் போகிறவள் மஞ்சளும் சிவப்புமாக இத்தனை துணியை வைத்து என்ன செய்வாள்? கல்யாணம், வளைகாப்பு என்று போகிற இடத்தில் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவாள். அந்த வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அதே துணி திரும்பி வரும். மூலையில் மைக்கறை பட்ட பச்சைத் துணி ஒன்று இருந்தது. அதை நான் மூன்று முறை அவள் வீட்டில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை லோகா அதைப் பிரித்துப் பார்த்து, "வந்துட்டியா?" என்று கேட்டாள்.

அதே ஆஸ்பத்திரியில் காசியம்மா என்று ஓர் ஆயா. மண்டபத்தூர்க்காரி, புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவள். பிரசவ வார்டில் லோகா மணிக்கணக்காக நின்று பிள்ளையை வெளியே எடுப்பாள். காசியம்மா அதைத் துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். ஆண் பிள்ளை என்றால் நோட்டு, பெண் பிள்ளை என்றால் சில்லறை. 'சந்தோஷம்' என்று அதற்குப் பேர். லோகாவுக்குக் கிடைப்பது கும்பிடு. இது என்ன நியாயம் என்று நான் ஒருநாள் காசியம்மாவையே கேட்டேன்.

"சிஸ்டரம்மாகிட்ட எப்புடி டீச்சர் காசை நீட்டுறது? படிச்சவங்களாச்சே. கோச்சுக்க மாட்டாங்களா?" என்றாள் அவள்.

ஆக, மூன்றரை வருஷப் படிப்புக்கு லோகாவுக்குக் கிடைத்த மரியாதை, அவளிடம் யாரும் காசு நீட்டக் கூடாது என்பதுதான்.

லோகாவின் சம்பளத்தில் அவளுடைய அண்ணன் செல்லையனும் அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள். செல்லையன் ரைஸ் மில்லில் எடை போடுகிறவன். மில் பாதி நாள் ஓடாது. தங்கைக்கு வரன் வந்தபோதெல்லாம் அவன் ஏதாவது குறை கண்டுபிடித்தான். வந்த வரன்களும் லேசுப்பட்டவை அல்ல, பெண்ணின் சம்பளம் வேண்டும், பெண் ராத்திரி வேலைக்குப் போகக் கூடாது என்று கேட்டவைதான். பக்கத்துத் தெரு மஹ்பூபாவின் வீட்டுக்காரர் கபீர் சவூதியிலிருந்து வந்தபோது, அங்கே நர்ஸுகளுக்கு நல்ல சம்பளம், ஆளும் எடுக்கிறார்கள் என்றார். லோகாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். செல்லையன் குதித்தான். "ஒத்தைப் பொம்பள கடலு தாண்டிப் போவுறதா? நம்ம குடும்பத்துக்கு அடுக்குமா?" என்றான். குடும்ப மானம் அப்படிக் காப்பாற்றப்பட்டது.

1979 ஐப்பசியில் ஒரு காலை. டியூட்டி முடிந்து மழையில் நனைந்துகொண்டு லோகா வந்தாள். வாசலில் வழக்கம்போல ஆறேழு பேர். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே ஊசிக்கு ரெண்டு ரூவா. புண்ணுக்குக் கட்டுக் கட்டுனா மூணு ரூவா. மருந்து உங்களோடது, வேலை என்னோடது" என்றாள்.

தெரு இரண்டாகப் பிரிந்தது என்றெல்லாம் நான் எழுத முடியாது. தெரு ஒன்றாகத்தான் நின்றது, எதிர்ப்பக்கத்தில். நல்லாயிருந்த பொண்ணுக்கு என்ன ஆச்சு என்றார்கள். பணத்தாசை என்றார்கள். சம்பளம் வாங்குகிறவள்தானே என்றார்கள். நானும் சம்பளம் வாங்குகிறவள்தான் என்று நான் சொன்னபோது, "நீங்க டீச்சர்" என்றார்கள். ஒரு வாரம் லோகா வீட்டு வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் பஸ் ஏறி டவுனில் ஒரு கம்பவுண்டரிடம் போய், மறுபேச்சில்லாமல் ஐந்து ரூபாய் கொடுத்துக் குத்திக்கொண்டு வந்தார்கள். குத்திய இடம் வீங்கியது. வீங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

இரண்டாம் வாரம் திரும்பி வந்தார்கள். தட்டில் ஒரு ரவிக்கைத் துணிக்குப் பதில் இரண்டு. விலைவாசி ஏறியதை ஒப்புக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் வந்தவள் இடுப்பில் அனலாகக் கொதிக்கும் குழந்தை. அதைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி நிற்க லோகாவுக்கு வரவில்லை. ஊசியைப் போட்டாள். அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அந்த ரெண்டு ரூவா இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காதுன்னு இல்ல டீச்சர். நான் செய்யறது வேலைதான், அதுக்குக் கூலி உண்டுன்னு ஒரே ஒரு ஆளு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

அந்த ஆள் நான்தான் என்று முன்வந்தவர் முசே தியாகராசன்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்களில் இவர் கொஞ்சம் உசத்தி, அதனால் பிரெஞ்சு மரியாதையில் முசே, அதாவது ஐயா. சைகோனில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற வேலை பார்த்தாராம். அதற்குச் சில மாதம் பயிற்சியாம். பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை கிடையாது. எழுபதைத் தாண்டியவர். பிரான்ஸிலிருந்து அவருக்கு வந்த பென்ஷன் எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். ஊசி போட்டால் நல்ல வருமானம் உண்டு என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருந்தது. ஊசியைச் சரியான அரசாங்கத்துக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை நோய். தெருவிலேயே பிரிட்ஜ் இருந்த ஒரே வீடு அவருடையது. அதில் இன்சுலின் இருந்தது. அவருக்குக் கை நடுக்கம். அதனால் லோகாதான் தினமும் காலையில் போய்ப் போடுவாள், காலில் இருந்த ஆறாத புண்ணுக்கும் கட்டு மாற்றுவாள். போட்டு முடித்ததும் அவர் கம்பீரமாக, "மெர்சி" என்பார். பிரெஞ்சில் நன்றி. வருஷக்கணக்கில் லோகா சேர்த்த மெர்சிகளை வைத்து ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

ஊர் பேசியது அவர் காதுக்கும் எட்டியது. அவர் கோபப்பட்டார், நியாயமான கோபம்தான். இவ்வளவு செய்கிற பெண்ணுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது அநியாயம் என்றார். செல்லையனைக் கூப்பிட்டனுப்பினார். செல்லையன் திரும்பி வந்தபோது தரையில் கால் பாவவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பென்ஷனில் ஒரு பங்கு, கட்டின பெண்டாட்டிக்குப் புருஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்க வரும். எனவே முசே தியாகராசன் லோகாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கல்யாணத்தைப் பதிந்துகொண்டால் போதும். விதவைப் பங்கே அவளுடைய சம்பளத்தைவிட அதிகம்.

இரண்டு ரூபாய் கேட்டபோது பணத்தாசை என்ற தெரு, இப்போது அவளை அதிர்ஷ்டக்காரி என்றது. சவூதிக்குப் போனால் குடும்பத்துக்கு அடுக்காது என்ற செல்லையன், "கடலு தாண்ட வேணாம், கடலு தாண்டி அதுவா வரும்" என்றான். பெண்ணுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மாப்பிள்ளையின் வயதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. இந்த வரனுக்கு வயதுதானே சிறப்பு!

லோகா சீ என்று உதறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவள் சில நாள் யோசித்தாள். "படிச்சதுக்குக் கெடைக்காதது பக்கத்துல உக்காந்தா கெடைக்கும்னா, யாருக்குத்தான் ஆசை வராது டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். நானே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். இன்சுலினைப் போட்டாள். கட்டை மாற்றினாள். கையைக் கழுவிக்கொண்டு எதிரே நின்றாள்.

"ஐயா, நான் வேலைக்குக் கூலிதான் கேட்டேன். தாலி கேக்கல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது அதைவிடப் பெருசும்மா."

"பெருசுதான் ஐயா. ஆனா அது ஊசிக்கு இல்லியே. நான் ஊசியே போடத் தெரியாதவளா இருந்தாலும் அது வரும். எனக்கு ஊசிக்கு ரெண்டு ரூவா குடுங்க, போதும்."

"நல்ல குடும்பத்துப் பொண்ணுக்குக் கூலி குடுக்குறதா? உன்னைய வேலைக்காரி ஆக்குன மாதிரி இருக்காதா? அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்."

அவர் நல்லவர். எங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் லோகாவுக்கு வாய்த்த கஷ்டம். அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். செல்லையன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, சம்பள நாளில் மட்டும் பேசினான்.

நர்ஸ் மாட்டேன் என்றதும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்று முசே ஆயாவைக் கேட்டனுப்பினார். காசியம்மா நேரே லோகாவிடம்தான் வந்தாள். "நீங்க வேணாம்னுட்டீங்களாமே சிஸ்டரம்மா. நான் சரின்னு சொல்லிடட்டுமா? எனக்கு யாரு இருக்கா சொல்லுங்க" என்றாள். லோகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க காசியம்மா" என்றாள். வந்த தையிலேயே கல்யாணம். முனிசிபாலிட்டியை மேரி என்று சொல்கிற நாலு பழைய சொல்தாக்கள் சாட்சி. லோகா தட்டு வைத்துக் கொடுத்தாள். தட்டில் அந்த மைக்கறைப் பச்சைத் துணி இருந்ததை நான் பார்த்தேன்.

சொல்தாவின் பெண்டாட்டி ஆயா வேலை பார்ப்பதா என்று முசே காசியம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சம்பளம் போயிற்று, சந்தோஷம் போயிற்று. கையில் ஒரு காசு இல்லாத சீமாட்டி ஆனாள் காசியம்மா. அதற்குப் பிறகுதான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட சொல்தா ஒருவர் நிதானமாக அந்த விதியைச் சொன்னார். வயதான காலத்தில் கட்டிக்கொண்டால் சும்மா பென்ஷன் வந்துவிடாதாம். நாலு வருஷமாவது புருஷன் உயிரோடு இருக்க வேண்டுமாம்.

காசியம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "நாலு வருஷம் சிஸ்டரம்மா! அந்தக் காலை வச்சிக்கிட்டு மனுஷன் நாலு வருஷம் தாங்குவாரா?"

லோகா சிரித்தே விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மனிதனை நாலு வருஷம் உயிரோடு வைத்திருப்பதற்கு என்ன விலை என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஓர் ஆயுள் பென்ஷன். அவரை உயிரோடு வைத்திருக்கப் போகிறவளுக்கு? மெர்சி.

"போகாதே, அப்பத்தான் புத்தி வரும்" என்றேன் நான்.

"சர்க்கரைக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அதன் பிறகும் தினமும் போனாள். இரண்டாம் வருஷம் கால்விரல் ஒன்று கறுத்தது. டாக்டர் காலையும் மாலையும் கட்டு மாற்றச் சொன்னார். லோகா காலையும் மாலையும் போனாள். அவளும் காசியம்மாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரைத் திருப்பி, துடைத்து, கஞ்சி புகட்டினார்கள். விரல் ஒன்று போயிற்று, கால் தப்பியது. ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளில், அவர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, லோகா கட்டிய கட்டுக்கு மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அவர்கள் கொடிக்கு சல்யூட் வைக்கப் போவார். திரும்பி வந்ததும் புண் சிவந்திருக்கும். லோகா திட்டுவாள். அவர், "மெர்சி" என்பார்.

நாலு வருஷம் முடிந்தது. மனிதர் அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் இருந்தார். இன்னும் எத்தனை நாள் என்று செல்லையன்கூட விசாரித்தான், அவனுக்கு என்ன அவசரமோ. 1985இல் ஒரு பகல், சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சாய்வு நாற்காலியிலேயே போய்விட்டார். காசியம்மா அழுத அழுகை பென்ஷனுக்கான அழுகை அல்ல. லோகாவும் அழுதாள். ஏன் அழுதாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தினமும் தொட்ட கால், அதற்காக இருக்கும்.

அலைந்து திரிந்து, மறு வருஷம் காசியம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. ஊர் நினைத்ததைவிட அதிகமாகவே வந்தது. அவள் புதுச்சேரியில் பணத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு லோகா வீட்டுக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம். அடியில் மைக்கறை பட்ட பச்சைத் துணி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, உனக்குமா இதே புத்தி என்று வாய்வரை வந்துவிட்டது. லோகா துணியைப் பார்த்தாள். இந்த முறை அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

"துணி மருவாதைக்கு. வெறுந்தட்டை நீட்டக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுக் காசியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஒரு கற்றை நோட்டை எடுத்து லோகாவின் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கினாள். "இது வேலைக்கு. ஊசிக்கு ரெண்டு ரூவா, கட்டுக்கு மூணு ரூவா, நீங்கதானே சொன்னீங்க. மொத்தமும் இதுல இல்ல. மாசாமாசம் வரும்ல, மாசாமாசம் தர்றேன்."

"காசியம்மா..."

"சும்மா இருங்க சிஸ்டரம்மா. பொண்டாட்டின்னு கைநாட்டு வச்சது நான். அந்த மனுஷனை நிக்க வச்சது நீங்க. ரெண்டுக்கும் சேத்து வெள்ளைக்காரன் எங்கிட்டயே குடுத்துட்டான். அவனுக்கு என்னா தெரியும்?"

ஐயோ வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று லோகா சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அப்படிச் சொல்வதுதானே நல்ல பெண்ணுக்கு அழகு. அவள் சொல்லவில்லை. கண்ணீர் வழிய வழிய நோட்டுகளை நிதானமாக எண்ணினாள். எண்ணி முடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "சரியா இருக்கு" என்றாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

செல்லையன் பெண்டாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் லோகா கேட்டாள்.

"என்னா டீச்சர் சொல்றாங்க தெருவுல?"

"வேணாம் லோகா. அதை ஏன் கேக்குற."

"பரவாயில்ல சொல்லுங்க."

"ஒரு கெழவிகிட்டப் போயி, ஊசி போட்டதுக்குக் கூலி வாங்கிட்டாளேன்னு சொல்றாங்க."

"கூலின்னுதானே சொல்றாங்க?"

"ஆமா."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். உங்க அண்ணன் உட்பட."

"அப்பச் சரி" என்று எழுந்தாள் லோகா. அடுப்பில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் தட்டோடு நின்றிருந்தாள்.